எலக்ட்ரானிக் பவுடர் டிஸ்பென்சர்: வீட்டில் தோட்டா நிரப்புபவர்களின் அனுபவங்கள்

ஹூஸ்டன், டெக்சாஸ்

தோட்டாவுக்குள் போகும் வெடிமருந்துப் பவுடரைத் தானே எடை போட்டுக் கொட்டும் எலக்ட்ரானிக் டிஸ்பென்சரை வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பழைய முறையில் பவுடர் மெஷர் என்ற அளவுக் கருவியில் கொஞ்சம் குறைவாகப் போட்டு, பீம் தராசில் வைத்து, முள் நடுக்கோட்டில் வந்து நிற்கும் வரை பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும் டிரிக்ளரைத் திருகித் திருகி நிரப்புவதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். இப்போது 6.5 கிரீட்மோர் ரைபிள் தோட்டாவுக்கு வேண்டிய அளவைத் தட்டிவிட்டால் போதும், மெஷின் அடுத்த கேஸுக்கு (காலித் தோட்டா உறைக்கு) மருந்து கொட்டுகிற நேரத்தில் நான் முந்தைய கேஸில் புல்லட்டை இறக்கி முடித்துவிடுகிறேன்.

ஆனால் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. சாதாரண மெஷின்கள் கூட்டியோ குறைத்தோ 0.1 கிரெய்ன் வரை துல்லியம் என்கின்றன. ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஆறரை மில்லிகிராம்தான், அதை அசைக்க ஏசி காற்று ஒரு வீச்சு வீசினால் போதும். எங்கள் ஊர் வெயிலுக்கு கராஜில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது, அதனால் காற்று தராசுப் பக்கம் வராதபடி திருப்பி வைத்துவிட்டு, மெஷினை ஆன் செய்து அரை மணி நேரமாவது சூடாக விட்டு, அப்புறம்தான் எடைக்கல் வைத்துக் காலிபரேட் செய்கிறேன். செல்போனும் மேசையில் இருக்காது.

நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லாதது. தட்டை வைத்து ஜீரோ செய்தபின் அதைத் தூக்கினால் திரையில் மைனஸில் ஒரு எண் வரும், அது தட்டின் எடை. அதை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை தட்டைத் தூக்கும்போதும் அதே எண் வர வேண்டும், 0.2 கிரெய்ன் தள்ளி வந்தால் ஜீரோ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, கடைசியாக நிரப்பிய சில கேஸ்களைக் கொட்டித் திரும்ப எடை போடுங்கள்.

இன்னொன்று, காலிபரேஷனுக்கு மெஷினோடு வரும் 50 கிராம் எடைக்கல் ஏறக்குறைய 770 கிரெய்ன். நாம் அளப்பதோ நாற்பது கிரெய்ன் சுற்றுவட்டாரம், மூன்று கிராம் கூட இல்லை. மேலே சரியாக இருப்பதால் கீழேயும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நாம் போடும் அளவுக்குப் பக்கத்தில் வரும் சின்ன செக் வெயிட் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸ், அரிசோனா

ஹூஸ்டன் தம்பி சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பக்கம் பிரச்சினை ஈரப்பசையே இல்லாத காற்று. ஸ்டாட்டிக் மின்சாரம் ஏறி, புனலின் உட்பக்கம் மருந்து எறும்பு வரிசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். தராசு சரியாகத்தான் எடை போட்டிருக்கும், கேஸுக்குள் முழுதும் இறங்கியிருக்காது. துணி டிரையரில் போடும் ஷீட்டால் தட்டு, புனல், மெஷினில் பவுடரைக் கொட்டி வைக்கும் ஹாப்பர் எல்லாவற்றையும் ஒரு முறை துடைத்தால் அடங்கிவிடும்.

குச்சிப் பவுடர் (சின்னச் சின்னக் குச்சித் துண்டு மாதிரி இருக்கும் வகை) போடுபவர்களுக்கு: மெஷினில் மருந்து விழும் குழாயின் வாயில் கொத்தாகச் சேர்ந்து பொத்தென்று விழுந்து அளவு தாண்டிவிடும். ஸ்ட்ராவில் ஒரு சின்னத் துண்டு வெட்டிக் குழாய்க்குள் செருகுவது பலரும் செய்வதுதான், விழுவது சீராகிறது. அப்படியும் தாண்டினால் மெஷினே எச்சரிக்கும், அதைத் திரும்ப ஹாப்பரில் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள், 'பரவாயில்லை, கொஞ்சம்தானே' என்று கேஸில் போடாதீர்கள்.

எங்கள் ரேஞ்சில் ஒருவர் சுடும்போது சத்தம் 'டப்' என்று மெலிதாக வந்தது. நல்ல வேளை, அனுபவம் உள்ள மனிதர், அடுத்த தோட்டாவை ஏற்றாமல் துப்பாக்கியை இறக்கி வைத்தார். பார்த்தால் புல்லட் குழலுக்குள்ளேயே நிற்கிறது. கேஸில் மருந்தே இல்லை, கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்க இருக்கும் பிரைமர் மட்டும் வெடித்துத் தள்ளியிருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். மெஷின் அளந்து கொடுக்கும், எந்தக் கேஸில் ஊற்றினோம் என்பதை அது பார்க்காது. நேர்மாறாக 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் கேஸில் வேகமாக எரியும் பவுடரை இரண்டு முறை ஊற்றினாலும் பல நேரம் வழியாமல் நிற்கும், அது இதைவிட மோசம். அதனால் புல்லட் வைக்கும் முன் லோடிங் பிளாக்கில் எல்லாக் கேஸையும் நிறுத்தி டார்ச் அடித்து மட்டம் பார்த்துவிடுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த மெஷின் வைத்திருந்தாலும் சரி.

கொலம்பஸ், ஓஹியோ

நான் தானாக இயங்கும் டிரிக்ளரான ஆட்டோடிரிக்ளரும் ஏ அண்ட் டி எஃப்எக்ஸ்-120ஐ தராசும் வைத்திருக்கிறேன், 0.02 கிரெய்ன் வரை காட்டும், அதாவது ஏறத்தாழ ஒரே ஒரு பவுடர் குச்சி. ஆயிரம் கெஜம் சுடுபவர்களுக்கு இது உதவும், புல்லட்டுக்குப் புல்லட் வேக வித்தியாசம் குறைந்தால் குறி மேலும் கீழும் சிதறுவதும் குறையும். இருநூறு கெஜத்தில் பேப்பர் டார்கெட் சுடுபவர் இதற்குப் பணம் போட வேண்டாம் அண்ணா, நல்ல கேஸ் வாங்குங்கள்.

ஹாப்பரைக் காலி செய்வது பற்றி யாரும் எழுதவில்லை. வேலை முடிந்த கையோடு காலி செய்து, மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே கொட்டி மூடுங்கள். எந்தப் பவுடர் உள்ளே கிடக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. ஹெச்4350 என்ற பவுடர் வேறு, ஐஎம்ஆர் 4350 என்ற பவுடர் வேறு, எண் ஒன்று என்பதற்காக ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. மேசையில் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும்.

வீட்டில் தோட்டா நிரப்ப லைசென்ஸ் வேண்டுமா என்று மதுரையிலிருந்து கேட்டிருந்த தம்பிக்கு: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்தியச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டாம், விற்பதற்காகத் தயாரித்தால் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தோட்டா தயாரிப்புக்கு லைசென்ஸ் கேட்கிறது, வீட்டில் ஆசைக்குச் செய்து பார்க்கிற விஷயம் கிடையாது. ரைபிள் கிளப்பில் சேர்ந்திருந்தால் அவர்கள் தரும் தோட்டாவிலேயே பழகுங்கள்.