ஓடும்போதே நிற்கும் ஏழு சீட் வான்: பிழை வண்டியிலா, வைத்திருப்பவரிலா?

உப்புவெளியான்:
என்னுடையது 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்த முன் வந்த ரிக்கண்டிஷன் வான், அதாவது ஜப்பானில் ஓடிய பழைய வண்டி, பெற்றோல். போன கிழமை பிள்ளைகளோடு மூதூருக்குப் போகும்போது கிண்ணியாப் பாலத்தின் நடுவில் இன்ஜின் தானாக நின்றுவிட்டது. எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது, ஸ்டியரிங் இறுகிவிட்டது. பின்னால் லொறி. பிரேக்கை இரண்டு தரம் மிதித்தேன். மூன்றாம் தரம் பெடல் இறங்கவே இல்லை. எப்படியோ ஓரமாக்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இதே மாடல் வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேர் இதையே சொல்கிறார்கள். இது கம்பனிப் பிழைதான்.

சீனன்குடா சாரதி:
தம்பி, கோபிக்க வேண்டாம். எங்கள் ஊரில் நிறையப் பேர் ஓயில் மாற்றுவதே இல்லை, குறைந்தால் மேலே ஊற்றுவதோடு சரி. ரேடியேட்டருக்குக் கூலன்ட் இல்லை, கிணற்றுத் தண்ணீர். கடற்கரைக் கிணறு என்றால் உப்பு வேறு. உள்ளே அரித்து, சூடேறி, இன்ஜின் தலைமூடியின் அடியிலுள்ள ஹெட் கஸ்கட் போன பிறகு ஜப்பான்காரனைத் திட்டுவது நியாயமா? நான் பழைய டொல்பின் வானில் ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஹயர் ஓடுகிறேன். நடுவழியில் ஒரு நாளும் நின்றதில்லை.

உப்புவெளியான்:
அண்ணே, 5,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் ஓயில் மாற்றுகிறேன், பில் எல்லாம் இருக்கிறது. கூலன்ட் குறையவில்லை. வண்டி நின்றபோது சூட்டு முள்ளும் நடுவில்தான் இருந்தது. உங்களுடையது பழைய டீசல், அதோடு இதை எப்படி ஒப்பிடுவது?

நிலாவெளி டீச்சர்:
எதற்கெடுத்தாலும் ஓனர்மேல் பழி போடுவதை நிறுத்துங்கள். அமெரிக்காவில் 2017 கிரைஸ்லர் பசிபிகா வானும் இப்படித்தான் ஓடும்போதே நின்றது. ஓனர்கள் சும்மா இருக்கவில்லை, அங்குள்ள வீதிப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதினார்கள். 2018 ஜனவரியில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்களைக் கம்பனி றீகோல் செய்தது, அதாவது இலவசமாகத் திருத்தத் திரும்ப அழைத்தது. பிழை, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் மென்பொருளில். ஓயில் மாற்றினால் மென்பொருள் திருந்துமா? ஹயுண்டாயின் தீட்டா 2 இன்ஜினும் அப்படித்தான். இன்ஜினுக்குள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாப்டைக் கடைந்தபோது மிஞ்சிய உலோகத் துகள் ஓயில் பாதையை அடைத்து பெயாரிங் போனது. அதற்கு 2015இல் றீகோல் தொடங்கியது.

சீனன்குடா சாரதி:
அது அமெரிக்கா, டீச்சர். அங்கே புது வண்டி. இங்கே வருவது ஜப்பானில் ஓடி முடித்தது. மீற்றரைத் திருப்பியிருந்தால் எவ்வளவு ஓடியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்புறம், 2022இல் கியூவில் நின்று கானில் பிடித்து ஊற்றிய பெற்றோலை மறந்துவிட்டீர்களா? அந்த அழுக்கும் தண்ணீரும் டாங்கின் அடியில் கிடக்கும்.

நிலாவெளி டீச்சர்:
மீற்றரைத் திருப்பினால் அது விற்றவர் செய்த களவு. காசு கொடுத்து வாங்கியவர் ஏன் தலை குனிய வேண்டும்?

அனுராதபுரச் சந்தி கராஜ்:
நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சர். சூட்டில் அதன் உள்ளே தொடர்பு விட்டுப்போகும். இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போக, ஸ்பார்க்கும் பெற்றோலும் நின்றுவிடும். அடுத்தது டாங்குக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப். இனி நின்றால், ஸ்டார்ட் அடிக்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சுற்றியும் முள் அசையாவிட்டால் பெரும்பாலும் சென்சர்தான். பற்றரி வயரைக் கழற்ற வேண்டாம், கம்ப்யூட்டரில் பதிந்த பிழைக் கோட் அழிந்துவிடலாம். அந்தக் கோட்டை வாசிக்கும் ஸ்கேனர் போடாமல் யாரையும் பார்ட்ஸ் மாற்ற விடாதீர்கள்.

சீனன்குடா சாரதி:
சென்சர் போவது தேய்மானம்தானே? அதில் கம்பனிப் பிழை எங்கே?

அனுராதபுரச் சந்தி கராஜ்:
ஒரு வண்டியில் போனால் தேய்மானம். ஒரே மாடலில் மூன்று வண்டி ஒரே மாதிரி நின்றால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சேசிஸ் நம்பரைத் தயாரித்த கம்பனியின் ஜப்பான் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், றீகோல் இருந்தால் காட்டும். றீகோல் கடிதம் அங்கே பதிந்திருக்கும் ஓனருக்குத்தான் போகும், திருகோணமலைக்கு வராது.

நிலாவெளி டீச்சர்:
எனக்கு ஆத்திரமே இதில்தான். அங்கே இலவசமாகத் திருத்தும் பிழையோடு இங்கே நாங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறோம். வண்டியை இறக்கி விற்பவர் அந்த நம்பரைப் பார்த்துவிட்டு விற்க வேண்டும்.

உப்புவெளியான்:
நம்பரை இன்று இரவே போட்டுப் பார்க்கிறேன். மற்ற இரண்டு பேரின் நம்பரையும் கேட்டிருக்கிறேன். ஸ்கேன் பண்ணும் வரை பிள்ளைகள் பஸ்ஸில்தான்.

சீனன்குடா சாரதி:
அது நல்லது தம்பி. ஆனால் பெற்றோல் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்துப் படம் போடுங்கள். அழுக்கு என்றுதான் நான் இன்னும் சொல்கிறேன்.