பல்லாவரம் ஜல்லி எந்த வகைப் பாறை?

கல்கொத்தன்:
சென்னை அருகே பல்லாவரம் குவாரிப் பக்கம் எடுத்த கருநீலக் கல் ஒன்று இருக்கிறது. ஒருவர் பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய கல்) என்கிறார், இன்னொருவர் கிரானைட் என்கிறார். நடுவில் வெளிறிய மணிகள் தெரிகின்றன. அவை குவார்ட்ஸா, கால்சைட்டா? கத்தியால் கீறினால் கோடு விழுகிறது. ஆசிட் விட்டால் லேசாக நுரைக்கிறது. அப்படியானால் கால்சைட்தானே?

மணிமேகலை:
இரண்டு சோதனையுமே ஏமாற்றக்கூடியவை. மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) குவார்ட்ஸின் கடினத்தன்மை 7, கத்தியின் எஃகு சுமார் 5.5. அதனால் கல்லுக்குப் பதில் கத்திதான் தேய்ந்து ஈயக்கோடு மாதிரி படியும். ஈர விரலால் அழுத்தித் துடையுங்கள். கோடு போய்விட்டால் அது கீறல் இல்லை. 3 மட்டுமே உள்ள கால்சைட் என்றால் பள்ளம் விழுந்து வெள்ளைத் தூள் உதிரும்.

ஆசிட்டைக் கல்லின் பழைய முகத்தில் விட்டிருப்பீர்கள். சிமெண்ட் தூசு, சுக்கான் (சுண்ணாம்பு) படிவு எதுவானாலும் நுரைக்கும். சுத்தியலால் உடைத்து (பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு), கழுவிய புது முகத்தில், 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு சொட்டு. அதிலும் நுரைத்தால்தான் கணக்கு.

பிறகு 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கல்லைத் திருப்பும்போது தட்டையான முகம் பளிச்சென்று மின்னி அணைந்தால் ஃபெல்ட்ஸ்பார் (கிரானைட்டில் அதிகம் இருக்கும் வெளிறிய கனிமம்). உடைந்த பாட்டில் சில்லு போல வளைந்து, எந்தப் பக்கமும் ஒரே சீராக மின்னாவிட்டால் குவார்ட்ஸ்.

பாறைப்பித்தன்:
கல் முழுக்க மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரிகிறதென்றால் பசால்ட் இல்லை. அதில் பெரும்பாலான மணிகள் மாவு போலத்தான் இருக்கும். பல்லாவரம், பரங்கிமலைக் கல் சார்னகைட். 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து வைத்த பெயர்.

புது முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற பச்சை கலந்த பழுப்புப் பளபளப்பு, நீலச் சாம்பல் குவார்ட்ஸ், கரும்பழுப்பு ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் தெரியும். ஹைபர்ஸ்தீன் உடையும் தளங்கள் (பிளவுகள்) ஒன்றையொன்று கிட்டத்தட்ட 90 டிகிரியில் வெட்டும். அதைப் போலவே தெரியும் ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமத்தில் 56, 124 டிகிரி. மணி சிறிதானால் இதை லென்ஸில் தீர்மானிப்பது கடினம், கல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி.

கல்கொத்தன்:
அப்படியானால் தீப்பாறையா, உருமாறிய பாறையா?

பாறைப்பித்தன்:
சண்டை அங்கேதான். ஹாலண்ட் தீப்பாறை என்றார். இன்று பெரும்பாலோர், ஆழத்தில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல், நீர் குறைந்த சூழலில் உருமாறியது என்கிறார்கள். தீப்பாறைப் பட்டியலிலும் 'ஹைபர்ஸ்தீன் உள்ள கிரானைட்' என்ற பொருளில் சார்னகைட் என்ற அதே பெயர் உண்டு. பரீட்சையில் எதை எழுதினாலும் காரணத்தோடு எழுதுங்கள்.

மணிமேகலை:
கிரானைட் வகைக்கு வரும்படி குவார்ட்ஸ் இருக்கிறதா என்று நீங்களே எண்ணலாம். அறுத்த முகத்தை நனைத்து, 5 மி.மீ. கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாளை மேலே வையுங்கள். 100 சந்திப்புகளில் எந்தக் கனிமம் என்று குறியுங்கள். குவார்ட்ஸ் 27, ஃபெல்ட்ஸ்பார் 63, கருப்புக் கனிமங்கள் 10 வந்தால் கருப்பை விட்டுவிட்டு 27/90, அதாவது 30%. 20-லிருந்து 60-க்குள் இருந்தால் கிரானைட் குடும்பம். பலர் கருப்பையும் சேர்த்து வகுத்துவிட்டு, எல்லையோரக் கற்களைத் தவறான பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

கடைக்காரர் சொல்லும் 'கருப்பு கிரானைட்' வேறு கதை. அதில் பெரும்பாலும் குவார்ட்ஸே இருக்காது, டோலரைட்டோ காப்ரோவோதான் (இரண்டும் கருநிறத் தீப்பாறைகள்).