வான்கோ படங்களின் போன நிறத்தை மீட்கலாமா, கூடாதா?

கரிக்கோல்:
வான்கோ 1888 அக்டோபரில் பிரான்ஸின் ஆர்ல் ஊரில் வரைந்த ‘படுக்கையறை’யில் சுவர் நீலம். ஆனால் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா, கட்டில் புது வெண்ணெய் மஞ்சள் என்கிறார். ஊதாவில் கலந்திருந்த சிவப்பு வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஊதாவும் மஞ்சளும் எதிர்நிறங்கள்; அந்த மோதலை வைத்துத்தான் படத்தையே கட்டினார். நாம் ரசித்துக்கொண்டிருப்பது வேறு படம். மியூசியங்கள் பழைய நிறத்தைக் காட்டியே ஆகவேண்டும்.

பழுப்பு:
எப்படிக் காட்டுவது, மேலே பெயின்ட் அடித்தா? படத்துக்கும் வயசாகும் சார். அது அவருக்கே தெரியும். இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் ஃபேஷனாக்கிய நிறங்கள் நிலைக்காது, அதனாலேயே துணிந்து அழுத்தமாகப் பூசவேண்டும், காலம் எப்படியும் தணித்துவிடும் என்று அதே வருஷம் ஏப்ரலில் எழுதியிருக்கிறார். தெரிந்தே செய்தவருக்கு நீங்கள் ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்?

கரிக்கோல்:
தணியும் என்று கணக்குப் போட்டார், காணாமலே போகும் என்று இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் 1890 ‘ரோஜாக்கள்’ படத்தைப் பாருங்கள். கடிதத்தில் இளஞ்சிவப்பு ரோஜா, இன்று வெள்ளை ரோஜா. மேசை ஓரமாக உற்றுப் பார்த்தால் பழைய இளஞ்சிவப்பு லேசாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் வாங்கிய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு பெயின்ட், இயோசின் என்ற செயற்கைச் சாயத்தில் செய்தது. அந்தச் சாயமே 1870-களில் வந்த புதுச் சரக்கு. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும்.

சாயப்பட்டறை:
எங்க ஊர்ல நூல் நனைக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் ‘இந்தக் கலர் நிக்காது’ன்னு முன்னாடியே சொல்லியிருப்பாங்க :)
ஒரு நடுவழி இருக்கு. அமெரிக்காவுல ஹார்வர்டு யுனிவர்சிட்டிக்காக ஓவியர் மார்க் ராத்கோ வரைஞ்ச ஐந்து பெரிய படங்கள் 1964-ல மாட்டினாங்க. வெயில் தாங்காத லித்தால் சிவப்புன்னு ஒரு நிறமி, பெரிய ஜன்னல், முழு வெயில். மங்கிப்போய் 1979-ல கழட்டியாச்சு. 2014-ல கேன்வாஸைத் தொடாம, எங்கெங்க எவ்வளவு நிறம் குறையுதோ அதை மட்டும் புரொஜெக்டர் வெளிச்சமா மேல பாய்ச்சினாங்க. அந்தக் கண்காட்சி நடந்தப்போ தினம் சாயங்காலம் 4 மணிக்கு விளக்கை அணைச்சதும் மங்கின படம் அப்படியே தெரிஞ்சுது.

பழுப்பு:
அந்த நிறத்தைக் கண்டுபிடிக்க உதவிய பழைய கலர் ஸ்லைடுகளே மங்கிப்போனவை. முதலில் அவற்றைக் கம்ப்யூட்டரில் சரிசெய்தார்கள். ஊகத்தின் மேல் ஊகம்.

கரிக்கோல்:
அதே வரிசையில் மாட்டாமல் விட்ட ஆறாவது படம் வெயில் படாமல் தப்பியது, அதோடும் ஒப்பிட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

பழுப்பு:
சரி, விட்டது தப்புதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராத்கோ படம் அகலமான நிறப்பரப்பு. வான்கோவோ பெயின்ட்டைக் கட்டிகட்டியாக அப்பியவர். ஒவ்வொரு தூரிகைத் தடத்துக்கும் ஒரு மேடு, ஒரு நிழல். அதன்மேல் எந்த புரொஜெக்டரைக் குறிவைப்பீர்கள்? அதைவிட, இயோசினைக் கெடுத்ததே வெளிச்சம். மேசை ஓரத்தில் மிஞ்சியிருக்கும் அந்தக் கொஞ்சம் இளஞ்சிவப்பும் உங்கள் விளக்கிலேயே போய்விடும்.

கரிக்கோல்:
அது நியாயம். புரொஜெக்டர் வேண்டாம். படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரீன் வைத்து ஊதாச் சுவரைக் காட்டட்டும். கடையில் விற்கும் போஸ்ட்கார்டிலாவது ‘நிறம் மாறியது’ என்று ஒரு வரி போடட்டும்.

பழுப்பு:
போஸ்ட்கார்டுக்கு என் ஓட்டும் உண்டு. ஸ்க்ரீனை மட்டும் தூரமாக, அடுத்த அறையில் வையுங்கள். பளிச்சென்ற திரை பக்கத்தில் இருந்தால் அசலை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.