பிட்காயின் நோடு: 8333 திறந்தும் உள்ளே ஒரு இணைப்புகூட வரவில்லை

கேள்வி:
ராஸ்பெரி பை 5, 2 டிபி எஸ்எஸ்டி. பிட்காயின் கோர் (கணினியை பிட்காயின் நெட்வொர்க்கின் ஒரு நோடாக இயக்கும் மென்பொருள்) முழுதாக சிங்க் ஆகிவிட்டது. வெளியே போகும் இணைப்பு 10, உள்ளே வருவது 0. ரௌட்டரில் 8333 போர்ட்டை (மற்ற நோடுகள் வந்து இணையும் வழி) பையின் முகவரியான 192.168.1.20-க்குத் திருப்பிவிட்டேன், வெளியிலிருந்து சோதித்தால் மூடியிருப்பதாகவே காட்டுகிறது. ரௌட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.72 என்று தொடங்குகிறது. 8332-ஐயும் திறக்கச் சொல்கிறார் நண்பர். திறக்கலாமா?

பதில்:
8332-இல் கை வைக்காதீர்கள். அது ஆர்பிசி. மற்ற நோடுகள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. உங்கள் நோடுக்குக் கட்டளை போடுவதற்கான வழி அது. வாலட் இருந்தால் அதையும் அங்கிருந்தே இயக்கலாம். குறியாக்கம் கிடையாது, கடவுச்சொல் அப்படியே போகும். நண்பருக்கு என் வணக்கம்.

உங்கள் சிக்கல் அந்த 100.72-தான். 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கு ஒதுக்கிய முகவரிகள். அதாவது, இணைய நிறுவனத்தார் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். உங்கள் ரௌட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், அதற்கு மேலே இருக்கும் அவர்கள் பெட்டி மூடியேதான் இருக்கும். காசு கொடுத்து அவர்களிடம் ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய நிலையான பொது முகவரி) கேட்கலாம். நானாக இருந்தால் டோர் (முகவரியை மறைத்து, பல கணினிகள் வழியாக இணைக்கும் நெட்வொர்க்) போடுவேன். டோரை நிறுவி, அதன் கன்ட்ரோல் போர்ட் 9051-ஐயும் (மற்ற மென்பொருள் டோருக்குக் கட்டளை தரும் வழி) குக்கி அங்கீகாரத்தையும் (கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு கோப்பு) இயக்குங்கள். பிட்காயின் ஓடும் பயனரை டோரின் குழுவில் சேருங்கள். பலர் இதை விட்டுவிட்டு லாகில் பிழையைப் பார்த்து முழிப்பார்கள். நோடை மறுபடி தொடக்கினால் ஆனியன் முகவரியை (டோர் வழியாக உங்கள் நோடை அடையும் முகவரி) அதுவே உருவாக்கிக்கொள்ளும். ரௌட்டரைத் தொடவே வேண்டாம்.

இன்னொருவர்:
ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் அதற்கு நாட் (ஒரு பொது முகவரியைப் பலர் பகிரும் ஏற்பாடு) தேவையில்லை, ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் 8333-க்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

கேட்டவர்:
டோர் போட்டேன், நெட்இன்ஃபோவில் (நோடின் இணைப்புகளைக் காட்டும் கட்டளை) உள்வரும் இணைப்பு 3 தெரிகிறது! ஆனால் மாத டேட்டா வரம்பு இருக்கிறது. தாங்குமா?

பதில்:
புதிதாக வரும் நோடு பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைப் பதிவுகளின் தொகுதிகள்) உங்களிடமிருந்து இழுக்கும்போதுதான் டேட்டா பறக்கும். பிட்காயின் கோரின் மேக்ஸ்அப்லோட்டார்கெட் அமைப்பில் (அனுப்பும் டேட்டாவுக்கான வரம்பு) ஒரு நாளைய அளவை வையுங்கள். எல்லையை நெருங்கினால் ஒரு வாரத்துக்கு மேல் பழைய பிளாக்குகளைத் தருவதை நிறுத்திவிடும். புது பிளாக்குகள் வழக்கம்போல் போகும். ரௌட்டரில் போட்ட 8333 விதி இனி எதற்கும் உதவாது, எடுத்துவிடுங்கள்.