மறு: பசை கியூரிங்குக்குத் தமிழ்ச்சொல் – 'முற்றல்'

குழுவினருக்கு வணக்கம்.

இட்ட பசை உள்ளுக்குள் மாறி முழுப் பிடிப்புக்கு வருவதை ஆங்கிலத்தில் கியூரிங் (curing) என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு உலர்த்தல், உறைதல், இறுகல், பதனிடல் என்று இதுவரை நாலு சொல் குழுவில் வந்திருக்கின்றன. நாலையும் எங்கள் பட்டறை மேசையில் புழங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது மட்டக்களப்பில் ஒரு சிறிய பட்டறை. படுவான்கரைப் பக்கம் யானை வேலிக்குப் பூட்டும் மின்வேலிக் கருவிகளின் சுற்றுப்பலகைகளைத் திருத்துகிறோம். சிலவற்றைப் புதிதாகவும் பூட்டுகிறோம். பாகம் அசையக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது. அதனால் வேலையில் பாதி பசை வேலைதான். எந்தப் பசையை எப்படி இடுவது, எப்படிக் கியூர் பண்ணுவது என்று சோதித்து ஒரு கொப்பியில் தமிழில் எழுதத் தொடங்கியபோதுதான் சொல் இல்லாத குறை உறைத்தது.

முதலில் 'உலர்த்தல்'. இந்தச் சொல்லால் எங்களுக்கு நட்டமே வந்திருக்கிறது. 'பசை உலர்ந்தபின் பெட்டியை மூடவும்' என்று நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். புதிதாக வந்த தம்பி சிலிக்கன் பசையைத் தொட்டுப் பார்த்தான், விரலில் ஒட்டவில்லை, காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டான். சில கிழமையில் அந்தப் பலகை திரும்பி வந்தது. மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் ஏறியது. செப்புத் தடங்கள் பச்சை பூத்துக் கிடந்தன. பசையைக் கீறிப் பார்த்தால் மேலே தோல், உள்ளே பற்பசை மாதிரிக் களி.

"காஞ்சிட்டுத்தானே சேர்" என்றான். அவனில் பிழையே இல்லை. நான் எழுதியபடிதான் செய்திருந்தான்.

அந்த வகைச் சிலிக்கன் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் மாறும். மாறும்போது வினாகிரியில் உள்ள அதே அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். ஈரம் உள்ளே போகப் போகத்தான் வேலை நடக்கும் என்பதால், ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஆழம் போனாலே பெரிய காரியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று வறண்டு போவதால் அதுவும் குறையும். ஈரத்துணி கச்சானில் மளமளவென்று காயும், சிலிக்கன் அதே காற்றில் பிந்தும். இப்படி எதிரும் புதிருமான இரண்டையும் ஒரே சொல்லால் எப்படி அழைப்பது? உலர்வது என்றால் நீரோ கரைப்பானோ வெளியேறுவது. கியூரிங் என்றால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாவது. (பலகைகளுக்கு இப்போது அமிலம் விடாத சிலிக்கன் மட்டுந்தான் வாங்குகிறோம்.)

'உறைதல்' யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா தந்த சொல். எருமைத் தயிர்ச் சட்டியோடு வளர்ந்தவனுக்கு இதை மறுக்க மனம் வராது. உறைந்த தயிர் திரும்பப் பாலாகாது, அந்த அளவில் பொருத்தம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பாடத்தில் உறைதல் என்றால் நீர் பனிக்கட்டியாவது. சூடாக்கினால் திரும்ப உருகும். கியூரான எப்பொக்சிப் பசை உருகாது, மேலும் மேலும் சூடாக்கினால் கருகும். இரசாயனம் படித்த பிள்ளை இங்கே நிச்சயம் தடுமாறும்.

'இறுகல்' ஒரே நாளில் விழுந்துவிட்டது. எங்கள் மேசையில் திருகாணியும் இருக்கிறது. 'இறுக்கியாச்சா' என்று கேட்டால் எதைக் கேட்கிறேன் என்று தெரியாது. போதாததற்கு, சிலிக்கன் வேலை முடிந்த பிறகும் றப்பர் போல நெகிழ்ந்துதான் இருக்கும். 'பதனிடல்' தோலுக்கும் இறைச்சிக்கும் ஏற்கெனவே போய்விட்ட சொல். அதை விடுவோம்.

'முற்றல்' நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. அக்கரைப்பற்றிலிருந்து வரும் ஒரு தங்கச்சி, வயல்காரக் குடும்பம். இரு கூற்று எப்பொக்சிப் (இரண்டு பகுதிகளைக் கலந்து பாவிக்கும் பசை) பொட்டொன்றின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் முத்தல்ல சேர்" என்றாள். நெல்மணியை அழுத்தி, கடித்துப் பார்க்கிற அதே கை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நெல் பால் பிடித்து முற்றுகிறது, தேங்காய் முற்றுகிறது. முற்றியது திரும்ப இளசாகாது. முற்றுவதற்குக் காலம் வேண்டும், சூடு வேண்டும். அரைகுறையாகவும் முற்றும், அளவுக்கு மீறியும் முற்றும். கடினமாகும் என்றோ காயும் என்றோ இந்தச் சொல் எதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுவதில்லை. சோதனைக் கொப்பிக்கு வேண்டிய குடும்பமே இதிலிருந்து வருகிறது: முற்றாப் பசை, அரைமுற்றல், மிகைமுற்றல், முற்றளவு, முற்றும் நேரம். நாங்கள் செய்வது முற்றவைத்தல்.

இலங்கை, தமிழ்நாடு என்ற இரு கரைக்கும் பொதுவான சொல் என்பதும் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. இலத்திரனியல் என்று நாங்களும் மின்னணுவியல் என்று தமிழ்நாட்டாரும், கழியூதா என்று நாங்களும் புறஊதா என்று அவர்களும் பிரிந்து போனது போதும். 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் இந்தக் காரைதீவில் பிறந்தவர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு கரைக்கு மட்டும் சொல் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு, நீங்கள் கண்டுபிடிக்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வெப்பத்தால் முற்றுவதை 'வெப்பமுற்றல்' என்று சேர்த்து எழுதினால் வெப்பம் + உற்றல் என்றும் பிரியும், அதாவது சூடாதல். 'ஈரமுற்றல்' என்றால் நனைதல் என்றாகிவிடும், அது இன்னும் மோசம். ஆகவே இடையில் 'வழி' போட்டுப் பார்த்தேன்: வெப்பவழி முற்றல், ஈரவழி முற்றல், ஒளிவழி முற்றல். 150 பாகை செல்சியஸ் அளவில் சில நிமிடங்களில் முற்றும் சிவப்புப் பசை முதலாவது. மேலே சொன்ன சிலிக்கன் இரண்டாவது. 365 நானோமீற்றர் கழியூதா விளக்கில் முற்றும் அக்ரிலேட் பசை மூன்றாவது. இந்த மூன்றாவதில் பாகத்தின் அடியில் வெளிச்சம் படாத இடம் முற்றாமலே கிடக்கும்; அதை 'நிழற்பச்சை' என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் திருத்தவில்லை. வெளிச்சம் நன்றாகப் பட்டாலும் காற்றிலுள்ள ஒட்சிசன் தடுப்பதால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். அதற்கு இன்னும் பெயரில்லை.

இனிப் பசை இடுதல், ஆங்கிலத்தில் dispensing. அதை 'விநியோகித்தல்' என்றால் பங்கீட்டுக் கூப்பன் கடையை நினைவூட்டுகிறது. ஊசி முனையால் வைக்கும் புள்ளியைப் பொட்டு என்கிறோம். வைப்பது பொட்டிடல், நீளமாக இழுப்பது கோடிடல். ஊசியைத் தூக்கும்போது பசை நூலாக இழுபட்டால் பொட்டு 'வால் விட்டது'. சோதனை எளிது. மெல்லிய தகட்டில் நூறு பொட்டு வைத்து, எடை பார்த்து, நூறால் பிரிக்கிறோம். காற்றழுத்தத்தில் தள்ளும் சிறிஞ்ச் வெறுமையாக வெறுமையாக உள்ளே காற்று கூடும், அதே அழுத்தம் அதே நேரம் வைத்தாலும் பொட்டு சிறுக்கும். மத்தியான வெக்கையில் பசை இளகிப் பெருக்கும். அதனால் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை நிறுக்கிறோம்.

'முற்றல்' பற்றி, குறிப்பாக அந்த 'வழி' பற்றி, இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சுவரில் புதுத்தாள் ஒட்ட வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. இரு கூற்று எப்பொக்சியைக் கலந்த நேரத்திலிருந்து கப்புக்குள் கட்டிபட்டுப் போகும் வரை நமக்குக் கிடைக்கும் நேரம் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்லலாம்? 'கைக்காலம்' என்று இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து