சண்டை வந்தா விஞ்ஞானம் காணாம போகுது, விஞ்ஞானம் வந்தா கதை படுத்துடுது: என்ன செய்யலாம்?

முகில்:
அறிவியல் புனைவு ஆக்‌ஷன் திரைக்கதை, 110 பக்கம். விளக்கம் சொல்ற சீன்ல வேகம் செத்துப்போகுது. சண்டை ஆரம்பிச்சதும் அந்த விளக்கத்துக்கு வேலையே இல்ல. ரெண்டு படத்தை ஒட்டவெச்ச மாதிரி இருக்கு. விளக்கம் எவ்வளவு இருக்கலாம், எங்க வைக்கணும்?

பட்டறை:
பெரிய சண்டையை எடுத்துக்கோங்க. அதுல இருக்கிற கருவி, ரோபோ, கிரகம் எல்லாத்தையும் தூக்கிட்டு, ஒரு குடோனும் நாலு துப்பாக்கியும் போட்டு எழுதிப் பாருங்க. அப்பவும் சீன் அப்படியே நடக்குதுன்னா, விஞ்ஞானம் அங்க வெறும் பெயின்ட்தான். அந்த உலகத்தோட விதி ஆயுதத்தைக் கட்டிப்போடணும்.

1986ல வந்த 'ஏலியன்ஸ்' இதுக்கு நல்ல பாடம். வீரர்கள் வேற்றுக்கிரக ஜந்துக்களோட கூட்டுக்குள்ள நுழையறாங்க. அவங்க நிக்கிறது அணு உலையோட குளிர்விப்பு அமைப்புக்குக் கீழ. சுட்டா மொத்த இடமும் வெடிக்கும். அதனால தோட்டாக்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வருது. அந்தக் கூட்டுல ஒரு எதிரியைக்கூட இன்னும் காட்டல, நமக்கு வயிறு கலங்கிடுது. பின்னால அசைவைக் காட்டுற கருவியில தூரம் குறைஞ்சுகிட்டே வருது. எண்ணைப் பார்த்தா அறைக்குள்ளயே வந்திருக்கணும், ஆனா ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. எண் சரிதான், அவங்க பார்த்த இடம்தான் தப்பு. கூரைப் பலகையைத் தூக்கினா மேல ஊர்ந்து வருதுங்க. புரியறதும் பயப்படறதும் ஒரே செகண்டுல நடக்குது.

விளக்கம் மூணு வரிக்கு மேல போனா வெட்டுங்க. பார்க்கிறவன் மனசுல கேள்வி எழும்பின உடனே பதில் வரணும், அதுக்கு முன்னாடி வந்தா பாடம் நடத்துற மாதிரி ஆயிடும். 'டெர்மினேட்டர் 2'ல (1991) நினைச்ச உருவமா மாறுற திரவ உலோக ரோபோ ஒரு பையனைத் துரத்துது. பையன் கேக்கறான்: அது ஏன் வெடிகுண்டா மாறல? ரசாயனமும் நகரும் பாகங்களும் உள்ள இயந்திரமா மாற முடியாது, கத்தி மாதிரி திடமான உலோக வடிவமா மாறும்னு பதில். ஓட்டையும் அடைபட்டாச்சு, இனிமே எதுக்குப் பயப்படணும்னும் தெரிஞ்சாச்சு.

விதியை முதல் 30 பக்கத்துக்குள்ள காட்டிடுங்க. நடுவுல அதை மறந்த ஒருத்தர் விலை கொடுக்கட்டும். கடைசியில அதே விதியாலதான் ஜெயிக்கணும். க்ளைமாக்ஸ்ல முதல் தடவையா ஒரு விதி முளைச்சா, பார்க்கிறவனுக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும்.

எண்கணக்கன்:
இயற்கையே கடிகாரம் வெச்சிருக்கு, புதுசா வெடிகுண்டு டைமர் தேவையில்ல. விண்வெளியில, காற்றே இல்லாத வெற்றிடத்துல மாட்டினவருக்கு நினைவு தப்ப சுமார் 10 முதல் 15 செகண்ட். உடனே உறைஞ்சு போறதெல்லாம் தப்பு. வெப்பத்தைக் கடத்த அங்க காற்று கிடையாது, அதனால உடம்பு மெதுவாத்தான் குளிரும். மூச்சை அடக்கினா உள்ள இருக்கிற காற்று விரிஞ்சு நுரையீரல் கிழியும், வெளிய விட்டாகணும். இதை அப்படியே சீனா எழுதலாம்: ஏர்லாக் கதவு (விண்கலத்துலேருந்து வெற்றிடத்துக்குப் போற அறையோட கதவு) திறக்கப்போகுது, எல்லாரும் ஆழமா மூச்சை இழுத்து அடக்கறாங்க, அவ ஒருத்தி மட்டும் முழுசா ஊதி வெளிய விடறா. வசனமே வேண்டாம். அவளுக்கு விஷயம் தெரியும்னு பார்க்கிறவனுக்குப் புரிஞ்சிடும்.

பூமியிலேருந்து செவ்வாய்க்கு சிக்னல் போய்ச் சேர, ரெண்டும் இருக்கிற இடத்தைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிஷம். கட்டுப்பாட்டு அறையில திரையைப் பார்த்துக் கத்தறவங்க பார்க்கிறது ஏற்கனவே முடிஞ்சுபோன சண்டை. உதவி கேட்டா பதில் வர அதுல ரெண்டு மடங்கு ஆகும்.

கத்தரிக்கோல்:
இவ்வளவு யோசிச்சு எழுதினதும் எடிட்டிங்ல பாழாகலாம். கதவு எங்க, எதிரி எங்க, பொருள் எங்கன்னு ஒரு அகல ஷாட் முதல்லயே வேணும், இடம் மாறும்போதெல்லாம் திரும்பவும் வேணும். 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' (2015) ரெண்டு மணி நேரத்துல சுமார் 2,700 கட். இருந்தும் கண் தவிக்காததுக்குக் காரணம், முக்கியமான விஷயம் ஃப்ரேமோட நடுவுலயே இருக்கும், கட் ஆனாலும் கண் அங்கயே நிக்கும். அப்புறம், கருவியோட அளவீடு திரையில வந்தா அது தனி ஷாட்டா, படிச்சு முடிக்கிற அளவுக்கு நிக்கணும். அரை செகண்டுல பறந்துபோற எண்ணால யாருக்கும் பயம் வராது.

முகில்:
நன்றிங்க. என் கதாநாயகிகிட்ட காலத்தை 40 செகண்ட் பின்னால தள்ளுற கருவி இருக்கு. அடிபட்டா திருப்பிடறா. பதற்றமே வரல.

பட்டறை:
தப்பைத் திருத்தறது இலவசமா இருக்கு, அதான் காரணம். உலகம் பின்னால போனாலும் அவ உடம்பு போகாதுன்னு வைங்க. விழுந்த கத்திக்குத்து அப்படியே இருக்கும், அடுத்த முயற்சிக்கு அதோடதான் எழுந்து நிக்கணும். மூணாவது தடவை காலை இழுத்துக்கிட்டு ஓடுவா. அப்புறம் அந்த 40ஐயே ஆயுதமாத் திருப்புங்க. எதிரி கருவியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு, விஷவாயுவை மெதுவா விடறான். தான் மாட்டிக்கிட்டோம்னு அவளுக்குத் தெரிய வர்றது, வாயு வர ஆரம்பிச்ச 41ஆவது செகண்ட்ல இருக்கட்டும்.