வீட்டுக்குள் அணியும் செருப்பு: அம்மாவின் குதிகால் வலி குறித்த புதுப்பிப்பு

கீழக்கரையில் எங்கள் வீட்டுக் கிரானைட் தரையில் வெறுங்காலுடன் நடப்பதால் அம்மாவின் நாள்பட்ட குதிகால் வலி கூடுகிறது என்று முன்பு எழுதி, எத்தகைய செருப்பு வாங்கலாம் என்று கேட்டிருந்தேன்.

பலரும் பரிந்துரைத்தபடி, பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் எனும் நுண்துளை ரப்பர்) செருப்பையே வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று வாங்கினோம். தொழுநோயாலும் நீரிழிவாலும் உணர்வு குன்றிய பாதங்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ரப்பர் அது. கடையில் மென்மையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தியதும் பஞ்சுபோல் அமுங்கிவிடும் அடிப்பாகம் குதிகாலைத் தாங்காது. இரு முனைகளையும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே வளைந்து, நடுப்பகுதி விறைப்பாக நிற்க வேண்டும்.

காலையில் எடுத்து வைக்கும் முதல் அடியில்தான் வலி கடுமையாக இருக்கும் என்பதால், செருப்பைக் கட்டிலடியிலேயே வைக்கிறோம். இப்போது அம்மா சுவரைப் பிடிக்காமல் அடுப்படி வரை நடக்கிறார், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியையும் அவர் விடவில்லை.